பெர்னடின் யுர்கோனிஸின் இரண்டாவது கையெழுத்து

1991 ஏப்ரல் 22. கால்குலஸ் பாடநூல் முன்பணம்: 20 டாலர்.
1991 ஆகஸ்ட் 23. நொறுங்கிய காரை இழுத்து வந்த கூலி: 45 டாலர்.
1991 செப்டம்பர் 9. முன்பணம் திருப்பித் தரப்பட்டது: 20 டாலர்.
1995 ஏப்ரல் 28. கால்குலஸ் பாடநூல் முன்பணம்: 25 டாலர்.

பெர்னடின் யுர்கோனிஸ் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தார். இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர், மூன்று இயந்திரங்கள் தேய்ந்து மாறிய பிறகும் அதே ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கணவர் டெலவேருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டுவிட்டார். பென்சில்வேனியாவில் கேரிக் என்ற சுரங்க ஊரில், பின்கதவைத் திறந்தால் நிலக்கரிக் கழிவு மேடு முகத்தில் அறைகிற வாடகை வீடு ஒன்றில், பெர்னடின் தனியாகவே இரண்டு மகள்களை வளர்த்தார். மூத்தவள் ரெனாட்டா. அவளுக்கு நான்கு வயது இளையவள் கொலெட்.

கேரிக் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் கல்லூரித் தரத்துக் கால்குலஸ் வகுப்பு ஒன்று உண்டு. மே மாதத்தில் அதற்கென்று நாடு முழுதும் நடக்கும் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால், கல்லூரியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம், அதற்குப் பணமும் கட்ட வேண்டாம். பதினெட்டு இடம். சேர விரும்பும் பிள்ளைகளுக்கு முந்தைய வசந்தத்திலேயே ஒரு மஞ்சள் தாள் கொடுப்பார்கள். அதில் ஆசிரியர் 'பரிந்துரைக்கிறேன்', 'பரிந்துரைக்கவில்லை' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிடுவார். பரிந்துரைக்கவில்லை என்றாலும் வழி உண்டு. தாளின் அடியில் பெற்றோருக்கென்று மூன்று வரி இருக்கும்: 'ஆசிரியரின் கருத்துக்கு மாறாக என் பிள்ளையைச் சேர்க்கிறேன். பாடச்சுமை கடுமையானது என்பதை அறிவேன். நடுவில் விலக அனுமதி இல்லை என்பதையும் அறிவேன்.' அதன்கீழே கையெழுத்து.

1991 ஏப்ரலில் ரெனாட்டா அந்தத் தாளைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பெர்னடின் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது? வேண்டாம்னு போட்டிருக்கான் அந்த ஆளு?"

"விடும்மா. சாதா கணக்கு வகுப்பே போதும்."

"ஏன் போதும்? டாக்டர் வீட்டுப் பொண்ணுக்கு மட்டுந்தான் மண்டையில மூளையா? காலர் தைக்கிறவ பொண்ணுன்னு எளக்காரம்."

"அவரு அப்படியெல்லாம் சொல்லல."

"பின்ன என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்று ரெனாட்டா குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுக்கப் போனாள்.

பெர்னடின் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்துக்கொண்டது. "இந்தா. கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டு" என்றார்.

ஜூனில் கோடை விடுமுறைக்கான வீட்டுப்பாடம் வந்தது. தொண்ணூற்றாறு கணக்குகள் கொண்ட கட்டு அது. பள்ளி திறக்கும் முதல் நாள் ஒப்படைக்க வேண்டும், எழுபது சதவீதம் சரியாக இல்லாவிட்டால் சாதா வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ரெனாட்டா காலையில் முதியோர் இல்லச் சமையலறையில் சிற்றுண்டித் தட்டு அடுக்கும் வேலை பார்த்தாள். மாலையில் உருளைக்கிழங்கு சீவிக் கொடுத்துவிட்டு மேசையில் உட்காருவாள். அவளுடைய பென்சில் தாளில் ஓடும் ஓசை மாடிப்படி வரை கேட்கும். தொழிற்சாலை இயந்திரத்தின் இரைச்சலில் இருபது வருடம் கழித்த பெர்னடினுக்கு அந்தச் சன்னமான ஓசை தனியாகக் கேட்டது. பிடித்தும் இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்கிழமை. ரெனாட்டா கணக்குத் தாளின் மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். பெர்னடின் அவள் தோளைத் தொட்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு பக்கம்."

"அந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு பெர்னடின் மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கால்மணி இருக்கும்போது ரெனாட்டா வேலைக்குக் கிளம்ப, பின்கதவு திறந்து மூடியது. சுரங்கத்தில் நிலக்கரி உடைத்த பழைய நொறுக்காலைக்கு அருகே வளைவில் அவள் ஓட்டிய கார் நேராகப் போய் ஒரு கான்கிரீட் தூணில் மோதியது. மழை இல்லை, பனி இல்லை, சாலையில் பிரேக் பிடித்த தடமும் இல்லை. வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் இளவயதுக்காரர். "அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

கட்டு மேசைமேலேயே கிடந்தது. கடைசிப் பக்கம் முடிந்திருந்தது. அதன் பக்கத்தில், மெழுகுத்துணி விரிப்பில், கன்னம் அழுந்திய இடத்தில் பென்சில் கரி ஒரு பிறைபோல ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து பெர்னடின் மேசை துடைக்கும்போது அந்த இடத்தைச் சுற்றித் துடைத்தார்.

முன்பணம் இருபது டாலர் பள்ளியின் கணக்குப்பிரிவிலிருந்து காசோலையாக வந்தது. அதை மாற்றி, அவள் ஆத்மாவுக்காகத் தேவாலயத்தில் பூசை வைக்கக் கொடுத்தார். அத்துடன் பள்ளிக்கும் ரெனாட்டாவுக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. கல்லூரிகளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் எழுதும் முன்னோட்டப் பரீட்சையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் கல்லூரிகள் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொள்ளும். ரெனாட்டா குறியிட்டிருந்தாள். செத்த மூன்றாம் வாரம் மட்டும் ஒன்பது உறை வந்தன. புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கும் பிள்ளைகளின் படம். 'அன்புள்ள ரெனாட்டா, உன்னை நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.'

தபால்காரர் ஸ்டஷ், பெர்னடினோடு ஒரே வகுப்பில் படித்தவர். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். முதல் மாதம் அந்த உறைகளைப் பையிலிருந்து எடுக்கவே கை வராமல் நின்றார்.

"பெர்னி, ஆபீஸ்ல ஒரு முத்திர குத்தினாப் போதும். அனுப்பினவனுக்கே திரும்பிடும். குத்திடவா?"

"வேண்டாம். வரட்டும்."

"கஷ்டமா இருக்காது?"

"வரலேன்னாத்தான் கஷ்டம்."

தொழிற்சாலையில் சட்டை அடுக்கும் அட்டைப்பெட்டிகளில் பெர்னடின் அவற்றைப் போட்டு வைத்தார். பிரித்தது சிலதான். பெயரைப் படிப்பார், பெட்டியில் வைப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில், பெர்னடினுடையதுபோன்ற லித்துவேனியக் குடும்பங்கள் அந்த வருடம் செத்தவருக்கு ஒரு தட்டு போடும். தட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, சாப்பிட்ட மிச்சத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். ஒரு வருடத்தோடு அது முடிந்துவிடும். பெர்னடின் இரண்டாம் வருடமும் போட்டார். மூன்றாம் வருடமும். நான்காம் வருடம், தட்டை எடுக்கும்போது கொலெட் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

"அம்மா, போதுமே. அவ என்ன வருஷாவருஷம் செத்துட்டே இருக்காளா?"

பெர்னடின் தட்டை வைத்தார். கொலெட் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "சரி, நகரு. இடம் குடு" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். கொலெட் மீனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் கொலெட்டுக்கும் உறைகள் வரத் தொடங்கின. அவளும் அதே கட்டத்தில் குறியிட்டிருந்தாள். ரெனாட்டாவுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைந்திருந்த நேரம் அது. ஸ்டஷ் இரண்டு பெயரையும் ரப்பர்வளையத்தால் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார்.

"ஒங்க வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு கழுத வாங்கித் தரச் சொல்லணும் கவர்மெண்ட்ட. என் தோள்பட்ட போச்சு" என்பார், கொலெட்டிடம்.

"அதான் ஏற்கனவே ஒண்ணு வந்துட்டிருக்கே" என்பாள் அவள்.

1995 ஏப்ரலில் மஞ்சள் தாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை டெல்ப் என்ற அதே கணக்கு ஆசிரியர் 'பரிந்துரைக்கிறேன்' கட்டத்தில் குறியிட்டிருந்தார். பெற்றோர் சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசி நாள் 28, வெள்ளிக்கிழமை.

பெர்னடின் அதை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார். திங்கள், செவ்வாய் அங்கேயே இருந்தது. புதன்கிழமை கொலெட் ஜாடியைத் தூக்கித் தாளை எடுத்து மேசைமேல் அறைந்தாள்.

"போடறியா, இல்ல டெலவேருக்குப் போய் அப்பாட்ட வாங்கிட்டு வரட்டுமா?"

"போ. அந்த ஆளுக்கு ஒன் வயசு என்னன்னாவது தெரியுதான்னு கேட்டுட்டு வா."

"அம்மா, எனக்கு இஞ்சினியரிங் வேணும். இந்த வகுப்பு இல்லாம எந்தக் காலேஜும் என்னை ஏறெடுத்துப் பாக்காது. காலர் தெச்சுக்கிட்டு இந்த மேட்டப் பாத்துட்டே கெடக்கச் சொல்றியா?"

"காலர் தெச்சவ சோறு போட்டுத்தானே இவ்வளவு பேசற."

"அதுக்குத்தான் சொல்றேன்." குரல் இறங்கியது. "நான் ரெனாட்டா இல்லம்மா."

பெர்னடின் மறுநாள் தொழிற்சாலையில் மதிய இடைவேளையோடு இரண்டு மணி நேரம் விடுப்புச் சொல்லிவிட்டு, கூலி பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று பள்ளிக்கு நடந்தார். டெல்ப் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டைக்கோஸ் நூடுல்ஸைச் சூடாக்காமலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெர்னடினைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"வருவீங்கன்னு நெனச்சேன், மிஸஸ் யுர்கோனிஸ். நாலு வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

"அப்ப நீங்க ஏன் வரல?"

பெர்னடின் முதல் வரிசை மேசையில் கைப்பையை வைத்தார். உட்காரவில்லை.

"சின்னவளுக்கு சரின்னு போட்டிருக்கீங்க. மூத்தவளுக்கு ஏன் வேண்டாம்னு போட்டீங்க? அவ மட்டமா?"

"மட்டமா? கொலெட் வேகம். ரெனாட்டா சுத்தம். ஒரு அடி தவற விடமாட்டா."

"பின்ன?"

"தூங்கினா. அந்த மார்ச்லேருந்து, மொதப் பீரியட்ல, கன்னத்துல கைய வச்சபடியே தூங்குவா. கூப்பிட்டுக் கேட்டேன். ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடியே முதியோர் இல்லத்துல வேலன்னா. அந்த வேலைய விட்டுட்டு வா, சரின்னு போடறேன்னேன். மறுநாள் வந்து, 'வேலைய விட முடியாது சார், வேண்டாம்னே போட்டுடுங்க'ன்னுட்டா. வீட்ல சொன்னியான்னேன். சொல்ல மாட்டேன்னா."

பெர்னடினுக்கு அந்த மார்ச் மாதம் நினைவு இருந்தது. தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்த மாதம். ரெனாட்டா வெள்ளிக்கிழமைகளில் சம்பள உறையைப் பிரிக்காமலேயே உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிடுவாள். பெர்னடின் அதை எடுத்துக்கொள்வார். ஒரு தடவைகூட அவள் வைத்ததாகச் சொன்னதில்லை, இவர் எடுத்ததாகவும் சொன்னதில்லை.

"ஒங்களுக்கு நான் போன் பண்ணியிருக்கணும்" என்றார் டெல்ப். "நம்பர் இருந்துச்சு. நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு பயந்தேன்."

"வந்திருப்பேன்."

"வந்திருக்கலாம்" என்றார் அவர்.

பெர்னடின் கைப்பையை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்று, "அவ எந்த மேசை?" என்று கேட்டார். ஜன்னலோரம் மூன்றாவது என்று டெல்ப் காட்டினார். அதன்மேல் வேறொரு பையனின் தொப்பி கிடந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கொலெட், ரெனாட்டாவின் நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் தாளில் ஓடும் ஓசை. அதே சன்னமான ஓசை.

"ரெனாட்டா" என்று பெர்னடின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ம்" என்றாள் கொலெட், திரும்பாமல்.

இருவருமே திருத்தவில்லை. பென்சில் மட்டும் நின்றிருந்தது. பிறகு பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது. பெர்னடின் கோட்டைக் கழற்றாமலேயே எதிரில் உட்கார்ந்தார்.

"பீட்ஸாக் கடை வேலைய விட்டுடு."

"அந்தக் காசு?"

"சனிக்கிழமையும் நான் வேலைக்குப் போறேன். கார நீ தொடக் கூடாது. ஒம்போது மணிக்குப் புத்தகத்த மூடணும். ஒம்போதுன்னா ஒம்போது."

"நீ என்ன கன்னியாஸ்திரி மடமா நடத்தப் போற?"

"பேனாவக் குடு."

கையெழுத்துப் போடப் பேனா தாளைத் தொட்ட இடத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்து பரவியது. பெர்னடின் நெடுநேரம் அங்கேயே பேனாவை வைத்திருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிப்பிள்ளைபோல எழுதி முடித்தார். இந்தத் தடவை பின்பக்கம் எதுவும் புடைக்கவில்லை. மறுநாள் கொலெட் தாளோடு இருபத்தைந்து டாலரையும் கட்டினாள்.

ஜூனில் அதே தொண்ணூற்றாறு கணக்குகள் வந்தன. டெல்ப் எதையும் மாற்றும் வழக்கமில்லாதவர். அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் ரெனாட்டாவின் கட்டு இருப்பது கொலெட்டுக்குத் தெரியும். அதை அவள் எடுக்கவில்லை. கோடை முழுவதும் ஒன்பது மணிக்கு பெர்னடின் சமையலறை வாசலில் வந்து நிற்பார், கொலெட் முனகிக்கொண்டே மூடுவாள்.

ஆகஸ்ட் 21 அன்று புழுக்கம். ஜன்னல் திறந்திருந்தது, விசிறி தாள்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெர்னடின் வாசலுக்கு வந்தபோது கொலெட் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. காலடி கேட்டு நிமிர்ந்தாள்.

"இரும்மா. இந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் படுக்கறேன்."

நான்கு வருடத்துக்கு முன் ரெனாட்டாவிடம் சொன்ன அந்தச் சொற்களை பெர்னடின் வேறு யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. கொலெட்டுக்கு அவை தெரிய வழியே இல்லை. அந்தச் சமையலறையில் அந்தத் தேதியில் அவை தாமாகவே வந்து நின்றன.

பெர்னடின் நடந்து போய், எழுதிக்கொண்டிருந்த பென்சிலுக்கு அடியிலிருந்து கட்டை உருவினார். கோடு ஒன்று தாளின் ஓரம்வரை இழுபட்டுப் போயிற்று.

"அம்மா! என்ன பண்ற? நாலு கணக்கு! நாலே நாலு கணக்குதாம்மா!"

"நாளைக்கு."

"பாதில நிக்குது! இப்ப விட்டா மறந்துடும்!"

"மறக்கட்டும். பாதிலயே நிக்கட்டும்."

"பைத்தியமா ஒனக்கு?"

"ஆமா. போய்ப் படு."

கொலெட் எழுந்து வந்து கட்டைப் பிடித்து இழுத்தாள். பெர்னடின் அதை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கனத்த உடம்பு. மகள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பிறகு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். படியேறிப் போய்விட்டாள்.

விடியும்வரை பெர்னடின் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ஆறு மணிக்குக் கால்மணி இருக்கும்போது பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கேட்பதுதான். எழுந்து போய்ப் பார்த்தார். உட்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. படியேறி மேலே போனார். கொலெட் வாயைத் திறந்துகொண்டு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அவள் முதுகு ஏறி இறங்குவதைத் தொழிற்சாலைச் சங்கு ஊதும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வேலைக்குப் பிந்திப் போனார்.

பத்து மணிக்கு எழுந்த கொலெட் நான்கு கணக்குகளையும் காப்பி ஆறுவதற்குள் போட்டு முடித்தாள். தொண்ணூற்றாறில் எண்பத்தெட்டு சரி. ஜன்னலோரம் நான்காவது மேசையை டெல்ப் அவளுக்குக் கொடுத்தார்.

அந்தக் கிறிஸ்துமஸிலும் பெர்னடின் காலித் தட்டைப் போட்டார். மெழுகுவத்தியைக் கொலெட்டே ஏற்றினாள். குளிர்காலம் முழுவதும் அவள் முழங்கை மெழுகுத்துணி விரிப்பில் உரசி உரசி, பிப்ரவரியில் ஒரு நாள் மேசை துடைக்கப் போன பெர்னடினுக்கு எந்தக் கரி யாருடையது என்று தெரியவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு துடைக்காமலேயே துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

மே மாதத்தில் பரீட்சை நடந்தது. கொலெட் எழுதிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் சோபாவில் விழுந்து மறுநாள் காலைவரை தூங்கினாள். பெர்னடின் அவளை எழுப்பவில்லை.

ரெனாட்டாவின் பெயருக்கு ஐந்து மாதமாக எதுவும் வந்திருக்கவில்லை. ஜூன் மாத முதல் திங்கட்கிழமை ஸ்டஷ் படியேறி வந்து ஒரே ஒரு நீள உறையை நீட்டினார். ஒஹாயோவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் அனுப்பியது. பெர்னடின் அதைப் பெட்டியில் போடவில்லை. வாசலில் நின்றபடியே பிரித்தார். அவள் செத்ததை எங்கேயோ இருந்த ஒரு பட்டியலுக்கு யாரும் சொல்லாததால், ரெனாட்டா வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஏறிக்கொண்டே போயிருந்தாள். பள்ளியை முடித்து, கல்லூரியில் சேர்ந்து, நான்கு வருடம் படித்திருந்தாள். 'அன்புள்ள ரெனாட்டா, பட்டம் பெற்றதற்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். மேற்படிப்புக்கு எங்களிடம் வா.'

"என்ன பெர்னி, என்னவாம்?" என்றார் ஸ்டஷ்.

"முடிச்சிட்டாளாம்."

ஸ்டஷ் தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவள் பெயருக்கு எதுவும் வரவில்லை. கடைசிக் கடிதம் வந்த தேதி 1996 ஜூன் 3.